12 & 11 என்றால் இழுபறி அல்ல: பழைய அமெச்சூர் கோல்ஃப்காரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் பழைய ஆங்கிலேய கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பற்றித் தமிழில் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். மைக்கேல் பொனலக் என்பவர் 1968 இங்கிலாந்து அமெச்சூர் இறுதியாட்டத்தில் டேவிட் கெல்லி என்பவரை 12 & 11 என்று ஜெயித்ததாக ஒரு பட்டியலில் இருந்தது. நான் கொஞ்சமும் யோசிக்காமல், "கடைசி வரை இழுபறியாகப் போன ஆட்டத்தில் 12-11 என்ற கணக்கில் மயிரிழையில் வென்றார்" என்று எழுதிவைத்துவிட்டேன். ஆறு மாதம் அது அப்படியே கிடந்தது. கோல்ஃப் ஆடத் தெரிந்த ஒருவர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான், அது எதிராளியை உரித்துத் தொங்கவிட்ட ஆட்டம் என்று எனக்குத் தெரிந்தது.

அதனால் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது கணக்கு வாசிக்கத்தான். பிறந்த ஊர், படித்த பள்ளி எல்லாம் அப்புறம். பொனலக்கையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் 1950, 60-களின் ஆங்கிலேய அமெச்சூர்களில் எழுதுவதற்கு அவரளவுக்கு விஷயம் உள்ளவர் வேறு யாருமில்லை என்பது என் கட்சி. வேறு ஆளை எடுத்தாலும் முறை இதுதான்.

கோல்ஃபில் இரண்டு விதமாகக் கணக்குப் பார்ப்பார்கள். டிவியில் நாம் பெரும்பாலும் பார்ப்பது ஸ்ட்ரோக் பிளே: நாலு நாளில் மொத்தம் எத்தனை அடி என்று கூட்டி, குறைவாக அடித்தவர் ஜெயிப்பார். மேட்ச் பிளே வேறு. இரண்டே பேர் மோதுவார்கள், ஒவ்வொரு குழியும் தனித்தனிப் பந்தயம். இந்தக் குழியை நான் நாலு அடியில் முடித்தேன், நீங்கள் ஐந்து அடியில் முடித்தீர்கள் என்றால் குழி எனக்கு. நீங்கள் தடுமாறிப் பத்து அடித்திருந்தாலும் எனக்குக் கிடைப்பது அதே ஒரு குழிதான். ஒருவருடைய முன்னிலை, மிச்சமிருக்கும் குழிகளைத் தாண்டிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, கை குலுக்கிவிட்டுப் போய்விடலாம். கிரிக்கெட்டில் ஏழு விக்கெட் வித்தியாசத்தில், ஐந்து ஓவர் மீதம் வைத்து ஜெயித்தார்கள் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் இதுவும்: முதல் எண் எத்தனை குழி முன்னிலை, இரண்டாவது எண் ஆடாமல் விட்ட குழி எத்தனை.

இப்போது 12 & 11-ஐப் பாருங்கள். இறுதியாட்டம் 36 குழி, காலையில் 18, சாப்பாட்டுக்குப் பிறகு 18. முப்பத்தாறில் பதினொன்றைக் கழித்தால் 25. அதாவது காலை 18 முடிந்து, மத்தியானம் ஏழே ஏழு குழியில் கெல்லி கதை முடிந்துவிட்டது. இந்தக் கழித்தலை ஒவ்வொரு முடிவுக்கும் போட்டுப் பாருங்கள், ஆட்டம் எங்கே முடிந்தது, எத்தனை மணிக்கு ஜனங்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். 2 & 1 என்றால் 35-வது குழி வரை நெஞ்சு படபடத்திருக்கிறது. 8 & 7 என்றால் 29-லேயே முடிந்துவிட்டது.

அந்தக் கெல்லி ஆட்டம் யார்க்ஷரில் உள்ள கான்டன் மைதானத்தில் நடந்தது. காலைச் சுற்றில் பொனலக் அடித்தது 61. முன் ஒன்பது குழிகளுக்கு 32, பின் ஒன்பதுக்கு 29. எதிராளி ஒன்றும் தூங்கவில்லை, எதிரில் இருந்தவர் இப்படி ஆடினால் யாராக இருந்தாலும் கதி அதுதான். ஆனால் மேட்ச் பிளேயில் வரும் இந்த மாதிரி எண்களை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் எதிராளி, "சரி, அது போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுக்கொடுக்கலாம், அதையும் ஒரு அடியாகச் சேர்த்துத்தான் கணக்கு. ஆகவே "மைதானச் சாதனையை முறியடித்தார்" என்று கை போகும், எழுதாதீர்கள். 61 அடித்தார் என்று மட்டும் எழுதினால் போதும், அதுவே வாயைப் பிளக்க வைக்கும்.

சோறு எங்கிருந்து வந்தது

கணக்குக்கு அடுத்து பார்க்க வேண்டியது ஆள் எதை வைத்துப் பிழைத்தார் என்பது. தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் பரிசுப் பணத்தைப் பார்த்தாலே பாதி வாழ்க்கை வந்துவிடும். அன்றைய அமெச்சூருக்கு அந்த வரியே கிடையாது. கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளலாம், பரிசுத் தொகையை அன்றைக்குத் தொட முடியாது. அப்படியானால் வாரக்கணக்கில் போட்டிக்குப் போய்வர யார் செலவு செய்தது, வேலைக்கு யார் விடுப்புக் கொடுத்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதப்பட்ட அமெச்சூர் வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் ஆகாயத்தில் நிற்கும்.

பொனலக் பிறந்தது எசெக்ஸில் சிக்வெல் என்ற ஊரில். குடும்பத் தொழில் லாரி, வேன்களுக்கு பாடி கட்டுவது. நம் ஊரில் கரூர், நாமக்கல் பக்கம் போனால் ரோட்டோரம் பார்க்கலாமே, அதே தொழில்தான். அந்தக் கம்பெனியில் அவரும் ஒரு இயக்குநர். இந்த ஒரு தகவல் வந்தவுடன் மற்றதெல்லாம் பொருந்திவிடுகிறது. சொந்தக் கம்பெனி இருந்ததால் நேரம் இருந்தது, ஆனால் முழு நேரமும் கோல்ஃப் ஆடித் திரிகிற சீமான் வீட்டுப் பிள்ளையும் அல்ல. அவருடைய கிளப் சவுத்எண்ட் பக்கத்தில் இருக்கும் தோர்ப் ஹால், பெரிய பெயர் பெற்ற மைதானம் ஒன்றும் கிடையாது.

படித்தது ஹெய்லிபரி. இந்தப் பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது, தேடினால், கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிவில் அதிகாரிகளை இந்தியாவுக்கு அனுப்பும் முன் பயிற்சி கொடுத்த கல்லூரி அதே வளாகத்தில்தான் இருந்திருக்கிறது. சென்னை மாகாணத்தின் பழைய கலெக்டர்கள் பலர் அங்கே உட்கார்ந்து படித்தவர்கள். பொனலக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கல்லூரி 1858-ல் மூடப்பட்டு 1862-ல்தான் பள்ளி வந்தது. ஆனாலும் ஒரு வரி எழுதினால் தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். நான் எழுதுவேன். நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அமெச்சூர் என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தமிழில் அந்தச் சொல் கேட்டாலே அரைகுறை, கத்துக்குட்டி என்ற வாடை அடிக்கிறது. "பொழுதுபோக்கு ஆட்டக்காரர்" என்று எழுதினால் இன்னும் மோசம், ஞாயிற்றுக்கிழமை தொப்பையைக் குறைக்க ஆடுகிறவர் மாதிரி ஆகிவிடும். அன்றைய இங்கிலாந்தில் அமெச்சூர் என்பது ஒரு அந்தஸ்து. கிரிக்கெட்டை வைத்து விளக்கினால் நம் ஆட்களுக்கு உடனே புரியும்: அங்கே ஸ்கோர்கார்டில் அமெச்சூர்களின் இனிஷியல் பெயருக்கு முன்னாலும், சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் இனிஷியல் பெயருக்குப் பின்னாலும் அச்சிடுவார்கள். லார்ட்ஸ் மைதானத்தில் ஃப்ரெட் டிட்மஸின் பெயரை மாற்றி அச்சிட்டுவிட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்களாம், அந்தக் கதை கிரிக்கெட் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கிரிக்கெட்டில் அந்தப் பிரிவினை 1962 கடைசியில் ஒழிந்தது. கோல்ஃபில் அமெச்சூர் பிரிவு இன்றைக்கும் இருக்கிறது. அதனால் அமெச்சூர் என்று அப்படியே எழுதி, முதல் பத்தியிலேயே ஒரு வரியில் "பரிசுப் பணம் வாங்காமல் ஆடியவர், ஆட்டத்தில் குறைச்சல் என்று பொருளல்ல" என்று போட்டுவிட்டு மேலே போய்விடுங்கள்.

அவரிடம் தோற்றவர்களில் தொழில்முறைக்குப் போனவர்களையும் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 1965-ல் அமெச்சூர் சாம்பியன்ஷிப் இறுதியில் பொனலக்கிடம் தோற்ற கிளைவ் கிளார்க் பிறகு தொழில்முறைக்கு மாறி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் அணிப் போட்டியான ரைடர் கப் வரை ஆடினார். பொனலக் மாறவே இல்லை. ஏன் மாறவில்லை என்று நீங்களாக ஒரு காரணத்தை, "விளையாட்டின் மீது கொண்ட தூய காதலால்" என்ற மாதிரி, கட்டிவிடாதீர்கள். மாறவில்லை, அவ்வளவுதான்.

எந்த சாம்பியன்ஷிப் எது

இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். "அமெச்சூர் சாம்பியன்ஷிப்" என்று மட்டும் இருந்தால் அது பிரிட்டன் நடத்துவது, 1885-ல் தொடங்கியது, எந்த நாட்டுக்காரரும் வந்து ஆடலாம், மேட்ச் பிளே. "இங்கிலீஷ் அமெச்சூர்" என்றால் இங்கிலாந்துக்காரர்களுக்கு மட்டும், 1925-ல் தொடங்கியது, இதுவும் மேட்ச் பிளே. "பிரபஸான் டிராஃபி" என்று வந்தால் அது இங்கிலாந்தின் ஸ்ட்ரோக் பிளே அமெச்சூர் போட்டி. "ஓபன்" என்பது தொழில்முறை ஆட்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடும் பெரிய போட்டி, அதில் கடைசி வரை தாக்குப்பிடித்து அமெச்சூர்களில் முதலாவதாக வருகிறவருக்கு வெள்ளிப் பதக்கம். நாலையும் ஒன்றாகக் கலந்து "பிரிட்டிஷ் பட்டம் பத்து முறை வென்றார்" என்று எழுதப்பட்ட குறிப்பை நானே பார்த்திருக்கிறேன் (நான் எழுதியதில்லை, சத்தியமாக).

பொனலக்கின் கணக்கு இது. அமெச்சூர் சாம்பியன்ஷிப் ஐந்து: 1961, 1965, 1968, 1969, 1970. இங்கிலீஷ் அமெச்சூர் ஐந்து: 1962, 1963, 1965, 1967, 1968. பிரபஸான் நாலு: 1964, 1968, 1969, 1971, இதில் 1969-ல் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார், அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஓபன் வெள்ளிப் பதக்கம் இரண்டு: 1968-ல் கார்னூஸ்டியில், 1971-ல் ராயல் பர்க்டேலில். எல்லாவற்றுக்கும் முன்னால் 1952-ல் பதினேழு வயதில் பிரிட்டிஷ் சிறுவர் பட்டம்.

இதை இப்படியே பட்டியலாக ஒட்டிவிட்டுப் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். பட்டியலை உங்கள் நோட்டில் வைத்துக்கொண்டு குறுக்கே படியுங்கள். 1968-ஐ மட்டும் எடுத்தால் நாலு வரியிலும் அந்த வருஷம் இருக்கிறது: பிரிட்டிஷ், இங்கிலீஷ், பிரபஸான், ஓபன் வெள்ளி. மேட்ச் பிளேயில் ஆளுக்கு ஆள் மோதியும் ஜெயித்திருக்கிறார், ஸ்ட்ரோக் பிளேயில் கூட்டத்தோடு ஆடியும் ஜெயித்திருக்கிறார். அவருடைய உச்சம் எது என்று கேட்டால் பலர் மூன்று முறை தொடர்ந்து அமெச்சூர் சாம்பியன் ஆனதைச் சொல்வார்கள், 1968 முதல் 1970 வரை, அதற்கு முன் யாரும் செய்யாதது. இதே பட்டத்தை மொத்தம் எட்டு முறை வென்ற ஜான் பால் என்ற பழைய ஆட்டக்காரர்கூட மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்ததில்லை. ஆனால் எனக்கு அந்த ஒரு வருஷம், 1968, அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

இன்னொரு குறுக்கு வாசிப்பு ஊர்களை வைத்து. 1961 டர்ன்பெரி, ஸ்காட்லாந்து. 1965 போர்த்கால், வேல்ஸ். 1968 ட்ரூன், மறுபடி ஸ்காட்லாந்து. 1969 ஹொய்லேக், இங்கிலாந்து. 1970 நியூகாசில், வட அயர்லாந்து. ஐந்து பட்டத்தில் நாலு நாட்டையும் சுற்றிவிட்டார்! ஐந்துமே கடலோர மைதானங்கள், மணல்மேடும் கட்டைப் புல்லும் காற்றும் உள்ளவை, லிங்க்ஸ் என்பார்கள். பூங்கா மாதிரி மரம் வளர்ந்த மைதானத்தில் ஆடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம், பந்தை உயரே தூக்கினால் காற்று எங்கேயாவது கொண்டுபோய்விடும்.

நியூகாசில் என்றவுடன் இங்கிலாந்தின் வடக்கே இருக்கும், கால்பந்துக்குப் பெயர் போன நகரத்தை எழுதிவிடாதீர்கள். இது கவுண்டி டவுனில் உள்ள சின்னக் கடற்கரை ஊர், மைதானத்தின் பெயர் ராயல் கவுண்டி டவுன். அதே போல ராயல் லிவர்பூல் கிளப் லிவர்பூல் நகரத்துக்குள் இல்லை, ஹொய்லேக்கில் இருக்கிறது. வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் ஐந்து நிமிஷ வேலை.

எதிராளிகளையும் வெறும் பெயராக விடாதீர்கள். 1968-ல் ட்ரூனில் 7 & 6 என்று தோற்ற ஜோ கார், அயர்லாந்துக்காரர், தானே மூன்று முறை (1953, 1958, 1960) அதே பட்டத்தை வென்றவர், அன்றைக்கு வயது 46. 1969, 1970 இரண்டிலும் இறுதிக்கு வந்து தோற்ற அமெரிக்கர் பில் ஹைண்ட்மன் ஐம்பதைத் தாண்டியவர். 1959-லும் இறுதிக்கு வந்து தோற்றவர் அவர், மூன்று இறுதி, மூன்றும் தோல்வி. பொனலக்கிடம் முதலில் 3 & 2, அடுத்த வருஷம் 8 & 7. இப்படி ஒரு மனிதர் எதிரில் நின்றார் என்று தெரியும்போது ஆட்டத்துக்கு வேறு ஒரு கனம் வருகிறது. 1965-ல் போர்த்காலில் கிளார்க்குக்கு எதிராகக் காலைச் சுற்றில் ஒரு கட்டத்தில் ஆறு குழி பின்தங்கியிருந்து, கடைசியில் 2 & 1 என்று பொனலக் ஜெயித்தார். மேலே சொன்ன கழித்தலைப் போட்டால், 35-வது குழி வரை போயிருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் குனிந்து பாருங்கள்

வாழ்க்கைக் குறிப்பு முழுக்க ஒரே உயரத்தில் பறந்தால் வாசகர் தூங்கிவிடுவார். எங்காவது ஒரு இடத்தில் கீழே இறங்க வேண்டும். பொனலக் விஷயத்தில் அந்த இடம் புட்டிங், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில் (அதுதான் கிரீன்) பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவது.

பழைய புகைப்படம் எதையாவது எடுத்துப் பாருங்கள். கால் இரண்டையும் நன்றாக அகட்டி வைத்து, இடுப்பை மடித்து, மூக்கு கிட்டத்தட்ட பந்துக்கு நேர் மேலே வரும் அளவுக்குக் குனிந்து நிற்பார். நெல் நாற்று நடுகிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அந்த வளைவு. பார்க்க அழகாக இருக்காது. அவருடைய பெரிய அடிகளும் கண்ணுக்கு அழகு என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கிரீனுக்கு வெளியே பந்து கிடந்தால், மெல்லத் தட்டி உள்ளே போட்டு, அடுத்த அடியில் குழிக்குள் அனுப்பிவிடுவார். எதிராளிக்கு இதைவிட எரிச்சல் வேறு இல்லை: தான் ஒழுங்காக இரண்டு அடியில் கிரீனை அடைந்து, "இந்தக் குழி நமக்கு" என்று நினைத்துக்கொண்டு நிற்பார், அந்த மனிதர் புதரோரத்திலிருந்து வந்து அதே நாலில் முடித்துவிட்டுப் போவார்.

1963 இங்கிலீஷ் அமெச்சூர் இறுதியில், சாமர்செட் கடற்கரையில் பர்ன்ஹாம் அண்ட் பெரோ மைதானத்தில், ஆலன் தேர்ல்வெல்லுக்கு எதிராக இப்படி 22 முறை செய்தார். ஒரு முறை இரண்டு முறை அல்ல, இருபத்திரண்டு முறை கிரீனுக்கு வெளியிலிருந்து இரண்டே அடியில். தேர்ல்வெல் எப்படி ராத்திரி தூங்கினாரோ. இந்தக் காட்சியை எழுத உங்களுக்கு உவமை எதுவும் வேண்டாம், எண்ணிக்கையும் அந்தக் குனிந்த உருவமும் போதும்.

கலைச்சொல் பிரச்சினை இந்த இடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். ஹோலைக் குழி என்று எழுதலாம், இயல்பாக இருக்கிறது. கிரீனைப் "பசுந்தரை" என்று எழுதினால் மைதானம் முழுக்கப் பச்சைதானே, எந்தப் பச்சை என்று கேட்பார்கள், அதனால் கிரீன் என்றே விடுவது நல்லது. புட், சிப் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து மெல்லத் தட்டிப் போடும் அடி), பங்கர் (மணல் பள்ளம்) எல்லாமும் அப்படித்தான். முதல் தடவை வரும்போது அரை வரியில் விளக்கிவிட்டால், பிறகு வாசகர் தானாகவே பழகிவிடுவார். அவருடைய பெயரைப் பொனலக் என்று எழுதுகிறேன், அழுத்தம் முதல் அசையில். "போனல்லாக்" என்று நீட்டினால் பிரெஞ்சுக்காரர் மாதிரி ஆகிவிடுகிறது.

அணி ஆட்டத்தை வாசிக்கும் விதம்

வாக்கர் கப் என்பது அமெரிக்க அமெச்சூர்களும், பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அமெச்சூர்களும் மோதும் போட்டி. 1922-ல் தொடங்கியது. பெயர் ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கருடையது, ஜனாதிபதி மூத்த புஷ்ஷின் தாய்வழித் தாத்தா. பொனலக் 1957 முதல் 1973 வரை ஒன்பது அணிகளில் இடம்பெற்றார், 1969, 1971 இரண்டிலும் கேப்டன். இதில் அவருடைய அணியின் வெற்றி தோல்வியை எண்ணி அவரை எடை போட்டால் தப்பாகப் போகும். 1938-ல் ஜெயித்த பிறகு பிரிட்டன் பக்கம் முப்பத்துமூன்று வருஷம் ஜெயிக்கவே இல்லை. 1959-ல் மியூர்ஃபீல்டில் எதிரணியில் நின்றவர்களில் ஒருவர், பின்னாளில் கோல்ஃபின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான இளம் ஜாக் நிக்லஸ் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1965-ல் பால்டிமோரில் 12-12 என்று சமன் செய்ததே அவர்களுக்குத் திருவிழா, அதுவும் கடைசி குழியில் நீளமான ஒரு புட்டைப் போட்டுக் காப்பாற்றியது அதே கிளைவ் கிளார்க்.

(இங்கே 12-12 என்பது அணிப் புள்ளிகள். & இல்லை, கோடு. அதைப் பார்த்துத்தான் நான் அன்றைக்கு 12 & 11-ஐக் குழப்பிக்கொண்டேன்.)

1971, செயின்ட் ஆண்ட்ரூஸ், பழைய மைதானம். கேப்டன் பொனலக், எதிரில் பின்னாளில் பெரிய தொழில்முறை ஆட்டக்காரர்களான லேனி வாட்கின்ஸ், டாம் கைட் எல்லாம். முதல் நாள் காலை இரட்டையர் ஆட்டம் நாலையும் பிரிட்டன் அள்ளியது. மத்தியானம் அமெரிக்கா திருப்பிக் கொடுத்தது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் பிரிட்டன் பின்தங்கி நின்றது, மீதம் எட்டு ஒற்றையர் ஆட்டங்கள். அதில் ஆறை ஜெயித்தார்கள். 13-11. அந்த மதியத்தில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது 17-வது குழியில் டாக்டர் டேவிட் மார்ஷ் மூன்றாம் எண் இரும்பு மட்டையால் அடித்த அடி. ரோட்டோரம் இருக்கும் அந்தக் குழி பல பேருடைய வாழ்க்கையைக் கெடுத்தது. இதைப் பொனலக்கின் வாழ்க்கையில் எழுதும்போது, அந்த அடியைப் பொனலக் அடித்த மாதிரி மழுப்பாதீர்கள். கேப்டன் அவர், அடித்தவர் மார்ஷ். அந்த வருஷமே பொனலக்குக்கு பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. பட்டம், அடுத்த வருஷம் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் பாபி ஜோன்ஸ் விருது.

வீட்டில் இருந்த மற்ற சாம்பியன்கள்

பழைய செய்தித்தாள்களில் ஆண்களை இனிஷியலோடு "எம். எஃப். பொனலக்" என்று போடுவார்கள், பெண்களைக் கல்யாணத்துக்கு முன் ஒரு பெயரிலும் பின் ஒரு பெயரிலும் போடுவார்கள். இதனால் பெண் ஆட்டக்காரர்களின் பாதி வாழ்க்கை தேடலில் காணாமல் போய்விடுகிறது. பொனலக்கின் மனைவி ஏஞ்சலா வார்ட் 1958, 1963 இரண்டு வருஷமும் இங்கிலாந்து மகளிர் பட்டம் வென்றவர், மகளிர் அமெச்சூர்களின் அணிப் போட்டியான கர்டிஸ் கப்பில் ஆறு முறை ஆடியவர். கல்யாணம் 1958-ல். வார்ட் என்று ஒரு தடவை, பொனலக் என்று ஒரு தடவை தேடினால்தான் முழுசாகக் கிடைப்பார். தங்கை சாலி, கல்யாணத்துக்குப் பிறகு சாலி பார்பர், 1968-ல் இங்கிலாந்து மகளிர் சாம்பியன். மறுபடியும் வருஷத்தைக் குறுக்கே படியுங்கள்: 1963-ல் கணவன், மனைவி இருவரும் இங்கிலாந்து சாம்பியன்கள். 1968-ல் அண்ணன், தங்கை இருவரும். இந்தத் தகவலை "குடும்பம்" என்று கடைசியில் ஒரு பத்தியில் ஒதுக்கிவைக்காமல், அந்தந்த வருஷத்திலேயே சேர்த்து எழுதினால் சுவை கூடும்.

ஆடி முடித்த பிறகு

1983 முதல் 1999 வரை செயின்ட் ஆண்ட்ரூஸில் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் செயலாளராக இருந்தார். அமெரிக்காவும் மெக்சிகோவும் போக மற்ற உலகத்துக்கு அன்று கோல்ஃப் விதிகளைச் சொன்ன இடம் அது, ஓபனை நடத்தியதும் அந்தக் கிளப்தான் (2004-ல் இந்த வேலைகள் தி ஆர் அண்ட் ஏ என்ற தனி அமைப்புக்குப் போய்விட்டன). ஊட்டியிலும் கிண்டியிலும் பந்து தண்ணீரில் விழுந்தால் என்ன தண்டனை என்பதற்கும் அன்று அங்கேதான் கடைசிப் பதில். 1998-ல் சர் பட்டம், 1999-ல் அதே கிளப்பின் கேப்டன், 2000-ல் உலக கோல்ஃப் புகழ்மண்டபம். இந்தப் பதவிப் பட்டியலை நாலு வரிக்குள் முடித்துவிடுங்கள். பட்டம் கிடைப்பதற்கு முன் நடந்த ஆட்டங்களில் "சர் மைக்கேல் புட் அடித்தார்" என்று எழுதுவது சிரிப்பாக இருக்கும்.

காலத்தைப் பற்றிய இரண்டு சில்லறை விஷயங்களையும் கையோடு சொல்லிவிடுகிறேன். அவர் ஆடிய காலத்தில் பிரிட்டனில் 1.62 அங்குலப் பந்தும் அமெரிக்காவில் 1.68 அங்குலப் பந்தும் புழக்கத்தில் இருந்தன. ஓபனிலேயே பெரிய பந்து கட்டாயமானது 1974-ல்தான். சின்னப் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், அதனால் அன்றைய அடி தூரங்களை இன்றைய எண்களோடு ஒப்பிட்டு "அப்போதே இவ்வளவு தூரம்" என்று வியக்காதீர்கள். இன்னொன்று ஸ்டைமி: கிரீனில் எதிராளியின் பந்து உங்கள் பந்துக்கும் குழிக்கும் நடுவில் மறித்துக் கிடந்தால் எடுக்கச் சொல்ல முடியாது என்ற விதி. 1952-ல் அது போய்விட்டது. அதற்கு முந்தைய ஆட்டக்காரரைப் பற்றி எழுதினால் அந்தச் சொல் வரும், பொனலக்கின் பெரிய ஆட்டங்களில் வராது.

கடைசியாக வயது. அவர் பிறந்தது 1934 டிசம்பர் 31. வருஷத்திலிருந்து வருஷத்தைக் கழித்தால் எப்போதும் ஒன்று அதிகமாக வரும், வருஷத்தின் கடைசி நாளைத் தவிர. டர்ன்பெரியில் முதல் பட்டம் வாங்கியபோது 27 அல்ல, 26. ஐந்தாவது பட்டத்தின்போது 36 அல்ல, 35. 2023 செப்டம்பரில் காலமானபோது 88.